கடன் முகவருக்கு ஒரு சதவீதம் கொடுக்கலாமா?

2024 நவம்பரில் காரைக்குடிக் கழனிவாசல் பக்கம் ஒரு வீட்டை 36 லட்சத்துக்கு விலை பேசி, ஒரு லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு வந்த அன்று மாலையே, தெரிந்தவர் ஒருவர் வழியாக ஒரு கடன் முகவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். என்னை 'அண்ணே' என்றும், பலகாரத் தட்டை நீட்டிய என் மனைவியை 'அக்கா' என்றும் அழைத்தார். கடன் தொகையில் ஒரு சதவீதம் அவருக்கு. அதில் 5,000 ரூபாய் 'ஃபைல் சார்ஜ்' என்ற பெயரில் முன்கூட்டியே. கடன் கிடைக்காவிட்டால் அந்த 5,000 திரும்பாது. ரசீது உண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

என் தாத்தா கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தரகன் ஒருவன் வந்து உட்கார்ந்தால், அவனுக்குத் தரகு எந்தக் கையிலிருந்து வருகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொன்ன பாடம். கடன் கொடுத்தே பெயர் பெற்ற ஊர்ப்பக்கம் இது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரியில் தொடங்கப்பட்டபோது சென்னை, ரங்கூன் ஆகியவற்றோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும், வீட்டுக்கடன் என்றவுடன் எனக்குக் கை நடுங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 52,000 ரூபாய் வருகிறது. மனைவி வீட்டிலேயே தேன்குழலும் மணகோலமும் சீடையும் செய்து விற்கிறார். அதில் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும் என்றாலும், ரொக்கமாக வந்து ரொக்கமாகவே செலவாகிவிடுவதால், அந்த வருமானத்துக்கு எங்கள் சம்படத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

முகவர் சொன்னவற்றுள் ஒன்று, உண்மையிலேயே பணம் பெறும். என்னுடைய இருசக்கர வண்டிக் கடனுக்கு மாதம் 2,900 ரூபாய் தவணை போய்க்கொண்டிருந்தது; மீதி 31,000 ரூபாய்தான். பொதுவாகக் கைச்சம்பளத்தில் பாதியைத்தான் எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து அனுமதிப்பார்கள் என்றும், என் கணக்கில் அது 26,000 என்றும், அதில் வண்டித் தவணை கழிந்தால் வீட்டுக்கு 23,100தான் மிஞ்சும் என்றும் அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். எட்டரை சதவீத வட்டியில், இருபது ஆண்டுத் தவணையில், லட்சத்துக்கு 868 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இருபத்தாறரை லட்சத்தோடு நின்றுவிடும். வண்டிக் கடனை அடைத்து, அடைத்ததற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய முப்பது லட்சம் வரை தகுதி வரும். எனக்கு வேண்டியதோ 28 லட்சம். அடுத்த வாரமே வண்டிக் கடனை முடித்தேன். அந்தத் துண்டுத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்கு மேல் அவர் சொன்னவைதான் என்னைத் தயங்க வைத்தன. மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் இருக்கிறது, அங்கே போனால் 32 லட்சம் வாங்கித் தருகிறேன், வட்டி மட்டும் ஒன்பதரை வரும் என்றார். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, முப்பது லட்சம் வரையிலான கடனென்றால் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். அதைத் தாண்டி 75 லட்சம் வரை போனால் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது. 36 லட்சத்தில் 80 சதவீதம் 28 லட்சத்து 80,000தான். பிறகு 32 லட்சம் எப்படி வரும் என்று கேட்டதற்கு, மதிப்பீட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், இன்ஜினியர் நமக்கு வேண்டியவர்தான் என்றார். கடன் கூடுதலாகக் கிடைப்பது நமக்கு நன்மை போலத் தோன்றும். ஆனால் ஒரு சதவீதம் வாங்குபவருக்குத் தொகை ஏற ஏறத் தரகும் ஏறுகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தரகு எந்தக் கையிலிருந்து வருகிறது என்ற தாத்தாவின் கேள்வியோடு, மறுநாள் என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்குப் போனேன். வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் பதிவு பெற்ற முகவர் என்றால், அவர் கொண்டுவரும் ஒவ்வொரு கடனுக்கும் அந்த நிறுவனமே அவருக்குத் தரகு கொடுத்துவிடுகிறது. வாடிக்கையாளர் எதுவும் தர வேண்டியதில்லை என்று அங்கிருந்த அலுவலர் விளக்கினார். அப்படியானால் என்னிடம் கேட்ட ஒரு சதவீதம் இரண்டாவது தரகு. எந்த நிறுவனம் அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறதோ அதைத்தான் எனக்குப் பரிந்துரைத்தாரா என்பதை நான் அறிய வழியில்லை. ஆனால் வங்கியின் பெயரை அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

வட்டியைப் பற்றி அந்த அலுவலர் சொன்னது இன்னும் முக்கியமானது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்கேற்ப மாற வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது; அவை தம் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்கின்றன, குறைப்பதும் குறைக்காததும் அவற்றின் விருப்பம். ஆகவே, இன்றைக்கு என்ன சதவீதம் என்று கேட்பதைவிட, ரெப்போவுக்கு மேல் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேட்பதே சரியான கேள்வி. எனக்கு அன்றைய ரெப்போ ஆறரைக்கு மேல் இரண்டு, ஆக எட்டரை என்றார்கள். அந்த இரண்டு, பழைய கடன்களை நான் எப்படிக் கட்டினேன் என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணைப் பொறுத்தே முடிவானது. அதை முகவர் எவரும் பேசிக் குறைத்திருக்க முடியாது. கால் சதவீதம் குறைத்துத் தர ஒருவரால் முடிந்திருந்தால், 28 லட்சத்துக்கு மாதம் 441 ரூபாய், இருபது ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். அவருக்கு 28,000 கொடுப்பதில் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். என் போன்ற மாதச் சம்பளக்காரனுக்கு அந்தக் கால் சதவீதம் முகவரின் கையில் இல்லை.

இங்கே என் மைத்துனரின் கதையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. தேவகோட்டையில் வன்பொருள் கடை வைத்திருக்கும் அவர், வருமான வரிக் கணக்கில் லாபத்தைக் குறைத்துக் காட்டியே பழகியவர். இரண்டு வங்கிகள் கையை விரித்துவிட்டன. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிந்து, மதிப்பெண்ணும் சற்று இறங்கிவிட்டது. கடைசியில் ஒரு முகவர், ஜிஎஸ்டி விற்றுமுதலையும் நடப்புக் கணக்கின் வரவையும் வைத்துத் தகுதி பார்க்கும் ஓர் இடத்தைச் சொல்லி, ஃபைலை அங்கே மட்டும் கொடுத்து, ஐந்து வாரத்தில் முடித்துக் கொடுத்தார். பணம் கைக்கு வந்த பிறகே ஒரு சதவீதம் வாங்கிக்கொண்டார். அது வீண்செலவு என்று நான் சொல்ல மாட்டேன். எந்த இடம் எந்த வருமானத்தை ஏற்கும் என்ற அறிவை அவர் விற்றார். மைத்துனருக்கு அது தேவையாக இருந்தது. என் ஃபைலில் இருந்த முடிச்சோ வேறு இடத்தில் இருந்தது, அது அப்போது எனக்கே தெரியாது.

வீட்டை விற்பவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பட்டா அவர் பெயரில் இருந்தது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முப்பது ஆண்டுக்குப் பார்த்தேன். 1996-இல் அவருடைய தந்தை கிரயம் வாங்கிய பதிவு இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததற்கு உயிலோ தானப் பத்திரமோ பாகப்பிரிவினையோ எதுவும் கண்ணில் படவில்லை. முகவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "பட்டா அவர் பேர்ல இருக்கில்ல, அது போதும்ணே. லாயர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். முன்பணம் 5,000 கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தது அந்தக் கணத்தில்தான்.

அந்தப் பணத்தோடு இன்னும் ஆயிரம் சேர்த்து, வங்கிக்கு விண்ணப்பிக்கும் முன்பே, சிவில் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஆவண நகல்களைக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவர் கூப்பிட்டார். தந்தை 2006-இல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், தாயும் பின்னர் காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றில் மகனோடு ஒரு மகளும் இருக்கிறார். அந்த அம்மையார் திருமணமாகி மலேசியாவில் ஈப்போவில் வசிக்கிறார். தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்பதால், அவர் கையெழுத்து இல்லாமல் பெரியவரால் பாதி வீட்டைத்தான் விற்க முடியும். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவே தவிர உரிமைக்கு முழுச் சான்று ஆகாது. பெரியவரிடம் இதைப் பேசியபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சீர் செனத்தி எல்லாம் குறைவில்லாமல் செய்துதானே அனுப்பினோம், அதற்கு மேல் என்ன பங்கு என்றார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை; அவர் மனத்தில் அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. நல்லவேளையாகத் தங்கை மறுக்கவில்லை. கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய், தம் பங்கை விற்கும் அதிகாரத்தை அண்ணனுக்கு அளிக்கும் ஆவணத்தில் கையொப்பமிட்டுச் சான்றொப்பம் பெற்று அனுப்பி வைத்தார். வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும் என்பதையும் வழக்கறிஞர்தான் நினைவூட்டினார். இவை எல்லாவற்றுக்கும் ஏழு வாரம் பிடித்தது. வங்கியின் சட்ட ஆலோசகர் பின்னர் கேட்ட முதல் கேள்வியே மகளின் பங்கைப் பற்றித்தான். பதில் ஆவணமாகவே எங்கள் கையில் இருந்தது.

விண்ணப்பம் ஒப்பீட்டளவில் எளிதாகவே போயிற்று. ஆறு மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, வங்கிக் கணக்கு விவரம், வரைபட அனுமதி ஆகியவற்றைக் கொடுத்தேன். ஒவ்வொரு நகலிலும் தேதியையும் 'வீட்டுக்கடனுக்கு மட்டும்' என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டேன். முகவர் முதல் நாளே நிரப்பாத படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. செயலாக்கக் கட்டணம் 9,800 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தார்கள். வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று காட்டும் முக்கிய விவர அறிக்கையை, 2024 அக்டோபர் முதல் கட்டாயம் தர வேண்டும் என்பதால், கேட்காமலேயே கொடுத்தார்கள். முகவரின் தரகு அந்தத் தாளில் எந்த வரியிலும் வந்திருக்காது.

வங்கிக்கு அலைந்ததில் எனக்கு ஏழு நாள் விடுப்புப் போயிற்று. அதைச் சம்பளக் கணக்கில் போட்டால் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வரும். முகவர் வைத்திருந்தால் இந்த நாட்களில் நான்கைந்து மிச்சமாகியிருக்கும். ஆகவே தரகை முழுவதும் மிச்சப்படுத்திவிட்டதாக நான் சொல்லிக்கொள்வதில்லை. என்னைத் திணற அடித்த செலவு வேறு: கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக 9 சதவீதம், 3,24,000 ரூபாய். இதை வங்கி கடனில் சேர்க்காது; கையிலிருந்தே கட்ட வேண்டும். விலையில் கடன் போக மீதி எட்டு லட்சத்தைத் திரட்டி வைத்திருந்த நான் இதைக் குறைவாக மதிப்பிட்டிருந்தேன், மனைவியின் காசுமாலை அடகுக்குப் போயிற்று. வங்கியிடம் மூலப்பத்திரங்களை ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் ஆவணத்துக்குக் கடன் தொகையில் அரை சதவீதம், அதாவது 14,000 ரூபாய் முத்திரைத்தீர்வையும், பதிவுக் கட்டணமும் தனி. முதல் சந்திப்பில் முகவர் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை மூன்று தடவையாக ரெப்போ வட்டி ஒரு சதவீதம் குறைந்தது. என் கடன் வட்டி அதைத் தொடர்ந்து ஏழரைக்கு இறங்கியது. தவணையை 24,299 ரூபாயிலேயே வைத்துக்கொண்டு காலத்தைக் குறைக்கச் சொன்னோம். ஏறத்தாழ மூன்று ஆண்டு குறைந்திருக்கிறது. காசுமாலையை ஆடி மாதத்துக்குள் மீட்டுவிட்டோம்.

தீபாவளிக்கு முன்பு அந்த முகவர் பலகாரம் வாங்க வந்திருந்தார். என்னிடம் அவருக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. வண்டிக் கடனைப் பற்றி அவர் சொன்னதற்காக இரண்டு கிலோ தேன்குழலுக்குக் காசு வாங்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே, அக்கா பேரில் இந்த வருடத்திலிருந்து வருமான வரிக் கணக்குக் காட்டத் தொடங்கிவிடுங்கள் அண்ணே, மாடி எடுக்கும்போது உதவும் என்றார். மனைவியின் பலகார வரவை இப்போது வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்திருக்கிறோம்.