ஒரு எம்.ஜி.பி.யின் பூர்வீகம்

மார்ச் 2

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. எம்.ஜி.பி. ஜி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1969, மினரல் ப்ளூ நிறம், ஆட்டோமேட்டிக். விற்றவர் சாவியோடு ஒரு தடித்த ஃபைலையும் கொடுத்தார். பழைய பில்கள், வரி ஸ்டிக்கர்கள், ஒரு பழுப்பு லாக் புக், அதாவது அந்தக் காலத்துப் பதிவுப் புத்தகம். எனக்கென்னவோ காரைவிட அந்த ஃபைல்மேல்தான் கண்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.பி. செய்தார்கள். அதில் ஆட்டோமேட்டிக் கிடைத்தது 1967 கடைசியிலிருந்து 1973 வரை மட்டும். போர்க்-வார்னர் 35 என்ற மூன்று கியர் பெட்டி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் கியரைத் தானே போட்டு ஓட்டத்தானே ஆசைப்படுவார்? விற்பனை சொற்பம்தான். விற்றதிலும் பலவற்றைப் பின்னாளில் மேனுவலாக மாற்றிவிட்டார்கள். ஆக, இது பிறந்ததிலிருந்தே ஆட்டோமேட்டிக்தானா, இதுவரை யார் யார் கையில் இருந்தது என்பதைத் தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.

மார்ச் 5

பானெட்டைத் திறந்து சேசிஸ் தகட்டைத் துடைத்தேன். ஜி.எச்.டி.4 என்று தொடங்குகிறது. ஜி என்றால் எம்.ஜி., எச் எஞ்சின் அளவு, டி கூரையுள்ள ஜி.டி. பாடி, 4 என்றால் மார்க் 2. கியர் பாக்ஸ் பற்றி ஒரு எழுத்தும் கிடையாது. அதை எஞ்சின் எண்ணின் முன்னெழுத்துகள்தான் காட்டிக்கொடுக்கும். என் எஞ்சின்மேல் இருப்பதோ ‘கோல்ட் சீல்’ தகடு. அதாவது பழசை வாங்கிக்கொண்டு கம்பெனியே புதுப்பித்துக் கொடுத்த மாற்று எஞ்சின். பிறவி எண் போயே போச்சு.

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. வண்டி எப்படிச் செய்து அனுப்பப்பட்டது என்று அதைப் பார்த்துச் சொல்கிற ஹெரிடேஜ் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தாயிற்று.

மார்ச் 9

ஸ்வான்சீயில் உள்ள பிரிட்டிஷ் வாகனப் பதிவு அலுவலகம் பற்றி விசாரித்தேன். முன்பெல்லாம் வி888 படிவத்தோடு சின்னக் கட்டணம் கட்டினால் பழைய கீப்பர்களின், அதாவது வண்டி யார் யார் பேரில் பதிவாகியிருந்ததோ அவர்களின், பெயர், முகவரியோடு நகல் வருமாம். தனியுரிமைச் சட்டம் இறுகியபின் பெயர்களைத் தருவதில்லை. தந்தாலும் அது கீப்பர் பட்டியல்தான், சொந்தக்காரர் பட்டியல் அல்ல. இந்த நாட்டு ஆர்.சி. புக்கிலேயே ‘இது உரிமைக்கு அத்தாட்சி அல்ல’ என்று அச்சிட்டிருக்கிறது.

எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையின் விவரம் இணையத்தில் 2005-லிருந்து கிடைக்கிறது. 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து சோதனை கட்டாயமில்லை என்பதால் அதோடு தடமும் நிற்கிறது. மைல் மீட்டருக்கு ஐந்தே இலக்கம். 41,000 என்றால் அது 1,41,000 ஆகவும் இருக்கலாம்.

மார்ச் 16

பழுப்பு லாக் புக்கை மேஜை விளக்கடியில் வைத்துப் படித்தேன். 1974-க்கு முன் வண்டிகளை ஸ்வான்சீ பதியவில்லை. அந்தந்த கவுண்டி கவுன்சில்கள்தான் பதிந்தன. என் வண்டி எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் ஏ.எஃப். என்று முடிகின்றன, அது கார்ன்வால் கவுண்டி. எண்ணின் கடைசி எழுத்து ஜி, அதாவது 1968 ஆகஸ்ட் முதல் 1969 ஜூலைக்குள் பதிந்தது. முதல் பெயர் ஒரு பெண்மணியுடையது. இரண்டாவது பெயர் அடுத்த ஊர்க்காரர். பெயர் மாறிய இடத்தில் கவுன்சில் முத்திரை, ஊதா மை மங்கி, தேதி மட்டும் தெளிவாக. பழைய எஞ்சின் எண்ணும் இருக்கிறது!

மார்ச் 23

சான்றிதழ் வந்தது. எஞ்சின் எண் லாக் புக்கோடு ஒத்துப்போகிறது. நிறம் மினரல் ப்ளூ. கியர் பாக்ஸ்: ஆட்டோமேட்டிக். அனுப்பிய இடம் கார்ன்வாலின் ட்ரூரோவில் ஒரு டீலர். பிறவி ஆட்டோமேட்டிக்தான், சந்தேகமில்லை.

மார்ச் 24

நேற்றைய சந்தோஷம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. பில்களை வருட வாரியாக அடுக்கும்போது 1991 பில் ஒன்று சிக்கியது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங். கீழே கனமான கூலி. நியாயம்தான், எம்.ஜி.பி.யில் கிளட்சைத் தொட எஞ்சினையே இறக்க வேண்டும். ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு எதற்குக் கிளட்ச் பிளேட்?

மார்ச் 26

மெக்கானிக் நண்பர் பில்லைப் படித்துச் சிரித்துவிட்டு நேராக பெடல் பாக்ஸுக்குப் போனார். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஓட்டையை ஒரு தகடு மூடியிருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் இருக்க வேண்டியதுதான். தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். அதன் கீழே பெயின்ட் கொப்புளித்து உரிந்து இரும்பு தெரிகிறது. பிரேக், கிளட்சுக்கு ஊற்றும் ஹைட்ராலிக் திரவம் கசிந்தால் பெயின்ட் இப்படி உரியும். “இங்கே கிளட்ச் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது, பல வருஷம்” என்றார்.

ஏப்ரல் 4

1991 பில்லில் இருந்த முகவரிக்குக் கடிதம் போட்டேன். பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் கிழித்துப்போடுங்கள் என்றும் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் வைத்தேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற கூச்சம் இருக்கத்தான் செய்தது.

ஏப்ரல் 19

போன்! பேசியவர் அந்த வீட்டு மகள். அப்பா தவறிவிட்டாராம். “அந்த நீல எம்.ஜி.யா? இன்னும் ஓடுகிறதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். அப்போது அவருக்குப் பதினேழு வயது, டிரைவிங் பழக வேண்டும். இங்கே ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் செய்தால் ஆட்டோமேட்டிக் ஓட்ட மட்டும்தான் லைசென்ஸ். அப்பாவிடம் இருந்ததோ இந்த ஒரே வண்டி. மகளுக்காகப் பெட்டியைக் கழற்றி ஷெட்டில் வைத்துவிட்டு, அடிபட்ட வேறொரு எம்.ஜி.பி.யின் மேனுவல் பெட்டியைப் போட்டிருக்கிறார். பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஸ்போர்ட்ஸ் கார் இன்சூரன்ஸ் என்ன தொகை வந்திருக்குமோ, கேட்க வாய் வரவில்லை. வண்டியை விற்றபோது பழைய பெட்டியையும் தூக்கிக் கொடுத்தாராம். வாங்கியவர்தான் திரும்பப் பொருத்தியிருக்க வேண்டும்.

“நான் முதல் டெஸ்டில் ஃபெயில்” என்றார், சிரித்தபடி.

ஏப்ரல் 27

வண்டியின் வரலாற்றுத் தாளை எழுதி எம்.ஜி. கார் கிளப் பதிவாளருக்கு அனுப்பிவிட்டேன். ‘எப்போதும் ஆட்டோமேட்டிக்’ என்று எழுதினால் விலை கூடும் என்கிறார் நண்பர். பிறவி ஆட்டோமேட்டிக், 1991 முதல் சில காலம் மேனுவல், பிறகு பழையபடி ஆட்டோமேட்டிக் என்றே எழுதியிருக்கிறேன். ஃபைலைத் திறந்ததும் தெரிகிற மாதிரி கிளட்ச் பில்லை முதலில் வைத்தாயிற்று. 1975-க்கும் எண்பதுகளுக்கும் நடுவே யாரிடம் இருந்தது என்ற கட்டம் காலி. லாக் புக்கின் இரண்டாவது பெயருக்கு அடுத்த கடிதம் நாளை போகிறது.