மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோன பதில்

கதவில் ஒட்டியிருந்த தாளைப் படிக்க இரண்டு நிமிடம். மணி அடித்ததும் உள்ளே போய் எட்டு நிமிடம் பேச வேண்டும். அடுத்தடுத்துப் பல அறைகளில் நடக்கும் மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு முதல் முறை போனபோது, முதல் அறையில் என் பதில் மூன்றே நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. நன்றாகத் தயாரித்த பதில்தான், ஒரு சொல்கூடப் பிசகவில்லை. எதிரே இருந்தவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்டார். அதே பதிலை வரிசை மாற்றி இரண்டு முறை சொன்னேன். அதன் பிறகு மணி அடிக்கும்வரை இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. வந்த கடிதம் நான்கு வரி.

கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்திட்டுத்தான் இரண்டு முறையும் உள்ளே போனேன். ஆகவே இங்கே நான் சொல்லும் சூழல்கள் எல்லாம் வீட்டில் பயிற்சிக்காக நாங்களே செய்துகொண்டவை.

முதல் ஆண்டு என் தயாரிப்பு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். அறுபது கேள்விகள், அறுபது பதில்கள். ‘ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?’ என்பதற்கு மட்டும் நான்கு வடிவங்கள் வைத்திருந்தேன். நான்கிலும் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். பிறகு மற்ற மாணவர்களோடு பேசியபோதுதான் தெரிந்தது, எல்லோருடைய பாட்டியும் அந்த ஒரு கேள்விக்காகப் படுத்திருக்கிறார்கள். பாட்டியைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் என் பதிலில் பாட்டி மருத்துவமனைக்குப் போனதோடு கதை முடிந்துவிடும். அங்கே நான் எதைப் பார்த்தேன், அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

இந்தப் பல அறை நேர்காணல் முறையின் வரலாற்றைக்கூட மனப்பாடம் செய்திருந்தேன். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது, 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஒரே குழுவின் முன்னால் நீண்ட நேரம் உட்கார வைத்தால், கேட்பவரின் விருப்பு வெறுப்பும் கேட்ட கேள்வியின் அதிர்ஷ்டமும் முடிவைத் தீர்மானித்துவிடும் என்பதால் அதை எட்டு, பத்து சிறு சந்திப்புகளாக உடைத்தார்கள். அறைகளின் எண்ணிக்கையும் நேரமும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒவ்வோர் அறையிலும் மதிப்பெண் போடுபவர் வேறு. முந்தைய அறையில் நான் சொதப்பியது அவருக்குத் தெரியாது. வரலாறு தெரிந்த எனக்கு இந்தக் கடைசி வரியின் பயன் தெரியவில்லை. முதல் அறையின் அவமானத்தை எட்டாவது அறைவரை சுமந்துகொண்டே போனேன்.

இரண்டாம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நான்கு பேர் சேர்ந்தோம். ஐந்தாவதாக, முப்பது ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பதில் சொல்பவர், நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவர், மதிப்பெண் போடுபவர், கடிகாரம் பார்ப்பவர் என நான்கு வேடமும் எல்லோரும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எனக்கு நல்லது செய்தது இந்த விதிதான்.

முதலில் மதிப்பெண் போடும் நாற்காலி. ஒரு நண்பன் மருத்துவ அறவியல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினான். நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. 1979இல் பீச்சம், சில்ட்ரெஸ் என்ற இருவர் வகுத்த நான்கு கோட்பாடுகள். நானும் முந்தைய ஆண்டு இப்படித்தான் தொடங்கினேன். கேட்கிற இடத்தில் உட்கார்ந்தபோது, மூன்றாவது கோட்பாடு வருவதற்குள் என் காது தானாக மூடிக்கொண்டது. இவன் இன்னும் அந்த நோயாளியின் பக்கத்தில் போகவே இல்லையே என்று தோன்றியது. நாள் முழுவதும் இதையே கேட்கும் தேர்வாளரை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

நான்கு கோட்பாடுகளும் வேண்டாதவை என்று சொல்லவில்லை. அவை தெரியாமல் போகவே கூடாது. ஆனால் வீட்டைச் சுற்றிக்காட்ட வந்தவரிடம் அஸ்திவாரத்தின் ஆழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எப்படி?

அடுத்தது உறவினர் வேடம். குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று மறுக்கும் பெற்றோரிடம் பேச வேண்டும் என்பது சூழல். முதலில் நான் மருத்துவ மாணவனாக இருந்தேன். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அத்துப்படி. 1998இல் வெளிவந்த கட்டுரை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது, 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே திரும்பப் பெற்றது. எல்லாவற்றையும் அடுக்கினேன். தாயாக நடித்த தோழி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் நான் முட்டாள் என்கிறீர்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு வேடம் மாறியது. நான் தந்தை, அவள் மாணவி. அவள் கேட்ட முதல் கேள்வி: “உங்களுக்கு எது கவலையாக இருக்கிறது?” நடிப்புதான் என்று தெரிந்தும் எனக்குத் தோள்கள் தளர்ந்தன. மூத்த குழந்தைக்கு ஊசி போட்ட இரவு முழுக்கக் காய்ச்சல், யாரும் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லவில்லை என்று நானாக ஒரு கதை சொன்னேன். தாளில் இல்லாத கதை. அவள் 1998 பக்கமே போகவில்லை, போகத் தேவையும் வரவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு அவ்வளவு நல்ல பதில் வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கெட்ட செய்தி சொல்வதற்கு ‘ஸ்பைக்ஸ்’ என்று ஆறு படிகள் கொண்ட முறை ஒன்று உண்டு, 2000இல் புற்றுநோய் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. தனிமையான இடத்தில் உட்காருவது முதல் படி. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது இரண்டாவது. உண்மையைச் சொன்னால், ஆறில் எனக்குக் கை கொடுத்தது இந்த இரண்டாவது மட்டும்தான். தடுப்பூசி, அறுவை சிகிச்சை தள்ளிப்போனது, காத்திருப்பு அறையில் கோபம் என எல்லாச் சூழலிலும் அதைத்தான் முதலில் செய்யத் தொடங்கினேன்.

சிஸ்டர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நாங்கள் எடுத்த சூழல் இது: உடன் படிக்கும் மாணவன் காலையில் வார்டுக்கு வருகிறான், அவன் மேல் மது வாடை. என்ன செய்வீர்கள்? உடனே மேலதிகாரியிடம் சொல்வேன் என்றேன் நான், காவல்காரன் மாதிரி. நண்பனாயிற்றே, தனியாகப் பேசிப் பார்ப்பேன் என்றான் இன்னொருவன். அரை மணி நேரம் நட்பா நேர்மையா என்று வாதாடினோம். சிஸ்டர் கேட்டார்: “தம்பி, அவன் கையில் இப்போது ஊசி இருக்கிறதா என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?”

அதுவரை அந்த வார்டில் நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார் என்பதே எங்கள் நினைவில் இல்லை. முதலில் அவனை நோயாளியிடமிருந்து விலக்க வேண்டும். பிறகு தனியாக அழைத்து என்ன நடந்தது என்று கேட்கலாம், மருந்தின் வாடையாகக்கூட இருக்கலாம். மூத்த மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், அவனுக்கும் உதவி கிடைக்க வேண்டும். வரிசை சரியானதும் நட்பா நேர்மையா என்ற சண்டை பாதிக்கு மேல் காணாமல் போயிற்று.

‘ஏன் செவிலியர் படிப்பு இல்லை, ஏன் மருத்துவம்?’ என்ற கேள்வியையும் அவர் முன்னால்தான் பயிற்சி செய்தேன். நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு எனக்கு வேண்டும் என்றேன். “நாங்கள் எதையும் முடிவெடுக்கவில்லை என்று யார் சொன்னது?” என்று சிரித்தார். அந்த ஆண்டு முதியோர் இல்லம் ஒன்றில் தன்னார்வலனாகப் போய்வந்தேன். ஒரு கிண்ணம் உணவை ஒரு முதியவருக்கு ஊட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். அவர் விழுங்கும் விதம் மாறியிருப்பதை முதலில் கண்டுபிடித்தது அங்கே இருந்த பணிப்பெண், மருத்துவர் அல்ல. இதைப் பார்த்த பிறகும் எனக்கு ஏன் மருத்துவம்தான் வேண்டும் என்று யோசித்தேன். ஏன் விழுங்க முடியவில்லை என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை என்பதுதான் விடை. அதையே சொன்னேன். சிஸ்டர் தலையசைத்தார். அவரிடம் அதுவே பெரிய மதிப்பெண்.

உடை, காலணி, கண்ணாடி முன் புன்னகை பற்றியெல்லாம் நிறையச் சொல்வார்கள். துவைத்துத் தேய்த்த சட்டை போதும். அதைவிடப் பயன்பட்டது என் பேச்சை நானே காணொளியாக எடுத்துப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் ‘அடிப்படையில்’ என்ற சொல்லைப் பதினொரு முறை சொல்லியிருந்தேன். எதன் அடிப்படையில் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் முறை தேர்வு நாளில் மூன்றாவது அறை கெட்டுப்போனது. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு நான்கு நிமிடம் பேசிவிட்டேன். “மன்னியுங்கள், நான் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொண்டேன், மறுபடி தொடங்கட்டுமா?” என்று கேட்டேன். தொடங்குவதற்குள் பாதி நேரம் போயிருந்தது. மணி அடித்தது. நான்காவது கதவின் முன் நின்று தாளைப் படித்தேன். உள்ளே இருப்பவருக்கு என்னைத் தெரியாது என்று எனக்கே ஒரு முறை சொல்லிக்கொண்டு, தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

இடம் கிடைத்தது. கடிதம் இந்த முறை இரண்டு பக்கம். மூன்றாவது அறைக்கு எவ்வளவு மதிப்பெண் என்று அதில் போடவில்லை.