மூணாவது மாடிக்கு நீட்டி வைத்த கம்பி

போன வாரம் திருப்பூர் குமரன் ரோட்டுப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வண்டி நிறுத்த இடமில்லாமல் கடைசியில் பாதியில் நிற்கிற அந்த காம்ப்ளக்ஸ் வாசலில்தான் நிறுத்தினேன். வாசல் என்று சொல்வது பழக்க தோஷம், அதற்கு இன்னும் வாசலே வைக்கவில்லை. பதினோரு சென்ட் இடம். கீழே கடைகள், மேலே நாலு மாடி ஆபீஸ் என்று 2015 தை மாதம் பூமி பூஜை போட்டார்கள், சர்க்கரைப் பொங்கல் நானும் தின்றேன். இன்றைக்கு மூன்று ரூஃப் போட்டு, மூணாவது மாடிக்கான பில்லர் கம்பி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கம்பி என் கடைக் கம்பி. அதற்கான பணம் இன்னும் 6,40,000 ரூபாய் வரவேண்டும்.

திருப்பூரில் காங்கேயம் ரோட்டில் எங்களுக்குக் கம்பி, சிமெண்ட் கடை. அப்பா ஆரம்பித்தது. ஊருக்குள் பாதியில் நிற்கிற கட்டடங்களைப் பற்றி எழுதச் சொன்னால் என்னைவிட யாருக்கு உரிமை இருக்கிறது சொல்லுங்கள், பாதிக் கட்டடத்துக்குக் கடன்காரனே நான்தான்.

எங்கள் அப்புச்சி, அம்மாவுக்கு அப்பா, தோட்டத்தில் தென்னை மரத்தைக் காட்டி வருஷம் சொல்லுவார். பஞ்ச வருஷத்தில் மரத்தின் கழுத்து சிறுத்துப்போயிருக்கும், நல்ல மழை பெய்த வருஷத்தில் மறுபடி பருத்திருக்கும், கீழேயிருந்து மேலே விரலை வைத்துக்கொண்டே வந்தால் எப்போது கிணறு வற்றியது என்று தெரியும். இந்தக் கட்டடங்களையும் அப்படிப் படிக்கலாம். எந்த உயரத்தில் நின்றது, எங்கே பழைய கான்கிரீட்டும் புது கான்கிரீட்டும் நிறம் மாறி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும், எந்த வருஷம் பனியன் கம்பெனிகளுக்கு அடி விழுந்தது என்று சொல்லிவிடுவேன்.

பனியனுக்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் கடை, ஆபீஸ் புக் பண்ணுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. நிட்டிங், பிரிண்டிங், தையல் என்று கூலிக்குச் செய்து கொடுக்கிற ஜாப்வொர்க், காதர்பேட்டையில் மொத்த வியாபாரம், இப்படி இருப்பவர்கள். அவர்கள் பேங்க் லோனைவிட சரக்கு வாங்கின பார்ட்டியிடமிருந்து வரவேண்டிய பணத்தை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அந்த அட்வான்ஸை வைத்து பில்டர் ஒரு ரூஃப் போடுவார், ரூஃப் போட்டதைக் காட்டி அடுத்த தவணை வாங்குவார், அதில் கொஞ்சம் என்னிடம் தருவார், கொஞ்சத்தை எடுத்து இன்னொரு இடத்துக்கு அட்வான்ஸ் போட்டுவிடுவார். இதற்கு எங்கள் ஊரில் ரொட்டேஷன் என்று பெயர். ஆர்டர் ஓடுகிற வரைக்கும் ரொட்டேஷன் ஓடும், ஒருத்தருக்கும் வலி தெரியாது. ஆர்டர் நின்றால் எல்லார் கையும் ஒரே நாளில் காலி. பில்டர் ஏமாற்றிவிட்டார் என்று எல்லாரும் சொல்லுவார்கள். சில பேர் நிஜமாகவே ஏமாற்றுகிறார்கள்தான். ஆனால் நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலும் நடப்பது இதுதான், எல்லாருக்கும் தெரிந்தே நடப்பது. நானும் விலை கூடுதலாகப் போட்டுக்கொண்டு கடன் கொடுத்தவன்தானே.

அப்பா காலத்தில் 2008 வந்தது. அமெரிக்காவில் செப்டம்பரில் லீமன் பேங்க் கவிழ்ந்தது, இங்கே ஆர்டர் குறைந்தது. டாலர் விலை எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டு டெரிவேட்டிவ் கான்ட்ராக்டில் பணம் விட்ட எக்ஸ்போர்ட்டர்கள் வேறு. அப்புறம் 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. சாயம் போடாமல் துணி ஏது, துணி இல்லாமல் ரூஃப் ஏது. அந்த வருஷம் அப்பாவுக்கு சர்க்கரை வந்தது.

என் காலத்துக் கதை இந்தக் கட்டடம்தான். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்னபோது இதில் முதல் ரூஃப் முடிந்து அடுத்த பில்லர் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கூலி சனிக்கிழமை, கையில் ரொக்கம். முப்பது பேர் வேலை செய்கிற சைட்டில் வாரக் கூலியே லட்சத்தைத் தொடும், ஆனால் கரண்ட் அக்கவுண்டில் வாரத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். மேஸ்திரி ரெண்டு சனிக்கிழமை பொறுத்தார். மூணாவது சனிக்கிழமை ஆளை அழைத்துக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார், அங்கே பழைய நோட்டிலேயே கூலி கொடுத்தார்களாம், அது வேறு கதை.

அடுத்த வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் கடை வாங்கினால் நிலத்தின் பங்கைக் கழித்த பிறகு மொத்த விலையில் 12 சதவீதம் வரி, முழுசாக முடித்து கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கின பிறகு வாங்கினால் அந்த வரி கிடையாது. சரி, நீங்கள் வாங்குகிறவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? முடியட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பீர்கள். எல்லாரும் காத்திருந்தால் எதை வைத்து முடிப்பது? 2019 ஏப்ரலில் வீடுகளுக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள், இந்த மாதிரி வெறும் கடையும் ஆபீஸுமான காம்ப்ளக்ஸுக்கு அந்தச் சலுகை வரவில்லை.

எப்படியோ தட்டுத் தடுமாறி ரெண்டாவது ரூஃப் போட்டார்கள். மூணாவதுக்கு 2020 மார்ச்சில் கான்கிரீட்டைத் தாங்க சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட நாள் பார்த்திருந்தபோது 25ஆம் தேதி ஊரடங்கு. சென்ட்ரிங் தகரமும் ஜாக்கியும் வாடகைக்கு எடுத்தது. முட்டுக் கொடுத்தது கொடுத்தபடி மாசக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்க, வாடகை மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது. கம்பி கட்டின பீகார் பையன்கள் ரயில் விட்ட அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார்கள். தீபாவளி கழிந்துதான் வேறு ஆள் பிடித்து, துருப்பிடித்த கம்பியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தகரத்தில் பாதியை மாற்றி ஒரு வழியாகக் கான்கிரீட் போட்டார்கள். அதற்கடுத்த ரெண்டு வருஷம் நூல் விலையும் கம்பி விலையும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின, சைட்டில் ஒரு சட்டி கலவை போடவில்லை.

ரியல் எஸ்டேட்டுக்கு ரெரா என்று சட்டம் வந்துவிட்டதே, வாங்குகிறவர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி அக்கவுண்டில் போட்டு அந்தக் கட்டடத்துக்கும் அந்த நிலத்துக்கும் மட்டும்தானே செலவு செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ரொட்டேஷனுக்குச் சரியான பூட்டு அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 500 சதுர மீட்டர் வரைக்கும் உள்ள மனைக்கு ரெராவில் பதிவே தேவையில்லை. அது கிட்டத்தட்ட பன்னிரண்டே கால் சென்ட். ஊருக்கு நடுவில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிற காம்ப்ளக்ஸ் எல்லாம் எட்டு சென்ட், பத்து சென்ட்தான். பெரிய லேஅவுட்டைப் பூட்டி வைத்துவிட்டு நடு ஊரைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

கீழ்த்தளத்தில் ஒரு கடைக்கு ஒன்பது லட்சம் கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஆறு மிஷின் போட்டுத் தையல் ஜாப்வொர்க். அவருடைய அக்ரிமெண்டில் "பணி முடிந்ததும்" என்று இருக்கிறது, தேதி இல்லை. மாசம் ஒருமுறை வந்து தன் கடை வருகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் என் கடைக்கு வந்து, "ஏனுங் தம்பி, நீங்க ஒரு அம்பது மூட்டை சிமெண்டு போட்டா என் கடைய மட்டும் பூசி ஷட்டர் மாட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டார். கரண்ட் கனெக்‌ஷன் யார் பெயரில் வாங்குவது, வரி யார் கட்டுவது என்று நான் கேட்டதும் பேசாமல் டீ குடித்தார். நிலத்துக்காரம்மா பாடு அதைவிட மோசம். இருந்த ஓட்டு வீட்டை இடித்து, கட்டடத்தில் 60:40 பங்கு என்று நிலத்தைப் பில்டரிடம் கொடுத்துவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். வாடகை வந்துகொண்டிருந்த வீடு அது.

கட்டடம் சும்மா நின்றால் சும்மாவேதான் நிற்கும் என்று நினைக்காதீர்கள். லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்கிக் கொசு, அதற்கு ஒரு நோட்டீஸ். வெளியே நீட்டிய கம்பிக்கு துரு ஏறாமல் சிமெண்ட் பால் அடித்து வைக்கச் சொன்னேன், மூட்டை யார் கொடுப்பது என்ற பேச்சிலேயே போனது. துரு செதிலாக உரிய ஆரம்பித்தால் அதன் மேல் அடுத்த கம்பியைக் கட்டக்கூடாது, தேய்த்துவிட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும்.

2025இல் ஆடி கழிந்து ஆரம்பிக்கலாம் என்று பில்டர் வந்து பேசினார். புதிதாக ரெண்டு பேர் ஆபீஸுக்கு அட்வான்ஸ் சொல்லியிருந்தார்கள், ரெண்டு பேருமே அமெரிக்க ஆர்டர் செய்கிறவர்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதி நம் சரக்குக்கு அமெரிக்கா போடுகிற வரி 50 சதவீதம் ஆனது. பில்டர் செப்டம்பரில் கூப்பிட்டு, "கொஞ்சம் பொறுங்கண்ணா, நெலமை தெரியுமில்லீங்" என்றார். தெரியும். அதே மாசம் 22ஆம் தேதி சிமெண்ட் ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகக் குறைந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

போன வாரம் வண்டி நிறுத்தினேன் என்றேனே, அப்போது அண்ணாந்து பார்த்தபோது ஒரு மூலைப் பில்லரில் கம்பி குட்டையாக இருந்தது. வாட்ச்மேன் நின்று ரெண்டு வருஷம் ஆகிறது. மேலே ஏறிப் பார்த்தால் பிளேடு போட்டு அறுத்திருக்கிறார்கள், ரெண்டு பில்லர், மொத்தம் பதினாறு கம்பி. இனிமேல் அங்கே துளை போட்டுக் கெமிக்கல் ஊற்றித்தான் புதுக் கம்பி நட வேண்டும். வரும் வழியில் எனக்குத் தெரிந்த பழைய இரும்புக் கடையில் எட்டிப் பார்த்தேன். ஓரமாகக் கட்டி வைத்திருந்தது. 16 எம்எம், எங்கள் கடையில் விற்கிற அதே முத்திரை.

"எப்ப வந்துச்சுங்?" என்றேன்.

"முந்தாநாள். கிலோ கணக்குத்தான், கையில காசு குடுத்துட்டேன்."

பூமி பூஜை போட்டுப் பதினோரு வருஷமாகிறது, அந்தக் கம்பிக்கு முதல்முறையாக யாரோ ரொக்கம் வாங்கியிருக்கிறார்கள். பில்டருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்தத் தையல் அண்ணனிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.