எந்த மாடி?

பிசியோதெரபி அறையில் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது "எங்க வலிக்குது?" என்றுதான். "எந்த மாடில இருக்கீங்க?" என்றும் கேட்கத் தொடங்கியது ஒரு சிறுமியால்.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம். சென்னையில் கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். இவளும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு. ஆறு மாதமாக இரண்டு காலிலும் குடைச்சல், கூடவே இடுப்பு வலி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதிலும் குறையில்லை. "வளர்ற வயசு, சரியாப் போயிடும்" என்று இரண்டு இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தேன். தினமும் அரை மணி நேரம் நடை, இரவு 9 மணி நேரத் தூக்கம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அவள் அம்மா அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மூன்றாம் முறையும் வலி அப்படியே இருக்கவும், "சொன்னதச் செய்யாம இங்க வந்து என்ன பிரயோஜனம்?" என்று குரலை உயர்த்திவிட்டேன். "எங்க மேடம் நடக்கச் சொல்றீங்க?" என்றார் அந்த அம்மா. அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. படிக்கட்டில் பல்பு கிடையாது. பொழுது சாய்ந்தால் கீழே குடிக்கிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அம்மா அவளை இறங்க விடுவதில்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவது அவள்தான். பள்ளிக்கூடம் இன்னும் பழைய ஏரியாவில். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால்தான் பஸ் கிடைக்கும். "உடலுழைப்பு குறைவு" என்று அவள் சீட்டில் எழுதியிருந்தேன். உழைப்பு நிறைய இருந்தது, விளையாட்டும் தூக்கமும்தான் இல்லை.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்கு எலும்பிலோ தசையிலோ காயம் இருந்தாக வேண்டியதில்லை. தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் அளவு குறையும். எப்போதும் பயத்தோடு இருக்கும் உடம்பில் நரம்புகள் சின்ன உறுத்தலையும் பெரிதாக்கிச் சொல்லும். நடிக்கிறாள் என்பவர்கள் இதைப் புரிந்துகொள்வதே இல்லை. குழந்தைகளின் நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதலும் மாத்திரையோடு நிற்காமல் உடல், மனம், சூழல் மூன்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

அமெரிக்காவில் நடக்கும் தேசியக் குழந்தைகள் நல ஆய்வு, பிள்ளைக்கு அடிக்கடி வலி வருகிறதா என்று பெற்றோரிடம் கேட்கிறது. அதே படிவத்தில் தெருவில் நடைபாதை, பூங்கா உண்டா, குப்பையும் உடைந்த ஜன்னல்களும் கிடக்கின்றனவா, பிள்ளைக்குப் பாதுகாப்பான இடமா என்றும் கேள்விகள் உண்டு. இந்தத் தெருதான் வலிக்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வீட்டு வறுமையும் அதற்குள் கலந்திருக்கும். ஆனாலும் இரண்டையும் ஒரே தாளில் கேட்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே. நாங்கள் முகவரியைக் கேட்பது பதிவேட்டுக்காக மட்டும்தான்.

பழைய தாளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். குடம் பாதியாகவும், இரண்டு மாடிக்கு ஒருமுறை இறக்கிவைத்தும். நடை பள்ளி மைதானத்தில், பெல் அடிப்பதற்கு முன். கீழ்த்தளத்தில் வீடு மாற்றிக் கேட்க ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஜூனில் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்த பிறகு, காலை ஆறு மணி வரை தூங்க முடிந்தது. குடைச்சல் வாரத்துக்கு ஒருநாள் என்று குறைந்தது. பழைய சிநேகிதிகளைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

எங்கள் சீட்டில் மாடிக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். புதுச் சீட்டு அச்சாகி வந்தது, கட்டம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன்: 'மாடி 6, லிஃப்ட் இல்லை.'