பத்து நிமிடக் கந்தகம்

முகப்பருவுக்கு 'சல்ஃபர்', அதாவது கந்தகம், பூசலாம் என்று தோல் டாக்டர் சொன்னதும் எனக்குப் பக்கென்றது. பள்ளியில் படிக்கும்போது சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த ஒரு சல்ஃபா மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்துப்போய், இரண்டு ராத்திரி தூங்காமல் சொறிந்துகொண்டே கிடந்தவள் நான். அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். அன்றைக்கும் சொல்லியிருந்தேன்.

"டாக்டர், எனக்கு சல்ஃபா ஒத்துக்காதுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்கம்மா, எழுதியும் வச்சிருக்கேன். இது அது இல்லை."

பெயர்தான் குழப்பம் என்று பொறுமையாக விளக்கினார். சல்ஃபா மருந்துகள் சல்ஃபோனமைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒவ்வாமை வருவது அந்தப் பெரிய மூலக்கூறின் அமைப்பால். முகத்துக்குத் தருவது வெறும் கந்தகம், மண்ணிலிருந்து எடுக்கிற அந்த மஞ்சள் தனிமம். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதனாலேயே கந்தகமும் ஒத்துக்கொள்ளாமல் போகாது. ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். பருவுக்கு வரும் சில மருந்துகளில் கந்தகத்தோடு சோடியம் சல்ஃபசெட்டமைடும் சேர்ந்திருக்கும். 10 சதவீதம் சல்ஃபசெட்டமைடு, 5 சதவீதம் கந்தகம் என்பது வழக்கமான கலவை. அது சல்ஃபா குடும்பம்தான். "லேபிள்ல அந்தப் பேரு இருந்தா நீங்க தொடவே கூடாது" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். என்னைப் போல சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

பரு எனக்குப் பதின்ம வயதில் அவ்வளவாக வரவில்லை. 26 வயதுக்கு மேல்தான் தாடையிலும் மோவாயிலும் கிளம்பியது. பென்சாயில் பெராக்சைடு போட்டுப் பார்த்தேன். பரு கொஞ்சம் அடங்கியது, ஆனால் தோல் சிவந்து எரிந்தது, முகம் துடைத்த துண்டெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்தது. அடுத்ததாக அடாப்பலின் ஜெல் பற்றிப் பேச்சு வந்தது. கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்லும் வைட்டமின் ஏ சார்ந்த மருந்து வகை அது. நாங்கள் குழந்தைக்குத் திட்டமிட்டிருந்த நேரம் அது. அதனால் அந்த வகை வேண்டாம் என்று டாக்டரே ஒதுக்கிவிட்டார். மிச்சமிருந்த வழிகளில் கந்தகம் ஒன்று. தோலில் பூசினால் உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம், நீண்ட காலமாகப் பழக்கத்தில் உள்ள மருந்து என்றார். கர்ப்பம் தரித்தால் உடனே வந்து ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

5 சதவீத லோஷன். கடைகளில் கிடைக்கும் பரு மருந்துகளில் கந்தகம் பெரும்பாலும் 3 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். அதிகம் இருந்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்து 10 சதவீதம் கேட்டேன். தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது, குறைவில் ஆரம்பிக்கலாம் என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்தது எவ்வளவு நல்லது என்பது அடுத்த பத்து நாளில் புரிந்தது.

பாட்டிலை மேசையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே தெளிந்த நீர், அடியில் வெளிர்மஞ்சள் வண்டல் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். கந்தகம் தண்ணீரில் கரையாது, அடியில் படியத்தான் செய்யும். குலுக்கிவிட்டுப் பூச வேண்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. முதல் நான்கு நாள் மேலே இருந்த தண்ணீரைத்தான் பஞ்சில் தொட்டுப் பூசியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே என்று லேபிளை மறுபடி படித்த பிறகுதான் குலுக்க ஆரம்பித்தேன். இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. பருவின் மேல் மட்டும் வைக்கிற சில லோஷன்களைக் குலுக்கவே கூடாது, காது குடையும் பஞ்சுக்குச்சியை அடியிலுள்ள வண்டல் வரை விட்டு எடுத்து ஒற்ற வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. குலுக்கிய லோஷனை முகம் முழுக்கப் பூசி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டேன். நாலு நாளாக வீணாகிவிட்டதே என்ற பதற்றம். ஆறாவது ராத்திரி மோவாய்த் தோல் காய்ந்த காகிதம் போல இழுத்தது. வாயைத் திறந்தால் உதட்டு ஓரம் வெடித்தது. மூக்கின் இரு பக்கமும் பொருக்குப் பொருக்காக உரிந்தது. பரு குறைந்ததா என்று பார்க்கவே முடியவில்லை, முகம் மொத்தமும் சிவப்பு.

அப்புறம் அந்த வாடை. அழுகிய முட்டை வாடை என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். நான் கூச்சப்பட்டு இரண்டு நாள் முன்னறையில் படுத்தேன். மூன்றாவது நாள் என் கணவர் கதவருகே வந்து நின்று, "வாடைதானே, பழகிடும். வந்து படு" என்றார். அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு எனக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. முகம் கெட்டுப்போய்க் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வாடைக்குக் காரணமும் மருந்து வேலை செய்யும் விதமும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை. தோலின் மேலடுக்கில் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு கந்தகம் வினைபுரியும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அழுகிய முட்டை வாடையடிக்கும் வாயு அதுதான். அது கெரட்டினைத் தளர்த்துவதால் இறந்த செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்காமல் உதிர்கின்றன. தோல் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது கழன்று வருகிறது. எண்ணெய்ப் பசையைக் காய வைப்பதும், பருவில் இருக்கும் கிருமிகளை ஓரளவு அடக்குவதும் கூடவே நடக்கின்றன. உதிர வைக்கிற மருந்தை எட்டு மணி நேரம் முகத்தில் வைத்தால் உதிரக்கூடாததும் உதிரும். அதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

போன் செய்தேன். டாக்டர் திட்டவில்லை.

"ராத்திரி முழுக்கவா வச்சிருந்தீங்க? உங்க தோலுக்கு 10 நிமிஷம் போதும்மா. பூசுங்க, கழுவுங்க, மாய்ஸ்சரைசர் போடுங்க. அவ்வளவுதான்."

முதலில் ஒரு வாரம் எதுவுமே பூசாமல் முகத்தை ஆற விடச் சொன்னார். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், 10 நிமிடம். மூன்று வாரம் தாண்டி எரிச்சல் இல்லையென்றால் தினமும். கூடவே சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப் எதுவும் வேண்டாம், சாதாரண மென்மையான ஃபேஸ்வாஷ் மட்டும். பகலில் சன்ஸ்கிரீன். பழைய பென்சாயில் பெராக்சைடு ட்யூபைத் தூக்கி எறியச் சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டும் சேர்ந்தால் என் தோல் தாங்காது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த 10 நிமிடம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. போனில் அலாரம் வைத்துவிட்டு, தாடையிலும் மோவாயிலும் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. இரண்டாவது நிமிடத்தில் ஈரம் காய்ந்து மாவு பூசினது போல வெளுக்கும். ஐந்தாவது நிமிடத்தில் லேசாக இழுக்கும். அலாரம் அடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்க்காமல் கழுவி, முகத்தில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். வாடையும் தண்ணீரோடு பெரும்பாலும் போய்விடும். தலையணை உறையில் ஒட்டுவதும் நின்றது.

இந்த நாட்களில்தான் மோதிரம் கறுத்தது. அம்மா கொடுத்த வெள்ளி மோதிரம், வலது கை மோதிர விரலில் போட்டிருப்பேன். லோஷனை அந்தக் கையால்தான் பூசுவேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் மோதிரத்தின் உள்வளையம் பழுப்பாகவும், வெளிப்பக்கம் நீலம் பாய்ந்த கறுப்பாகவும் இருக்கிறது. உயிரே போனது போல ஆகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, கந்தகம் பட்டால் வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு படியும், மோதிரம் கெட்டுப்போய்விடவில்லை என்று. ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, மோதிரம் அதில் படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினேன். மெல்லக் குமிழி வந்தது. கூடவே அதே பழைய வாடை லேசாகக் கிளம்பியது. வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியம் பக்கம் போகிறது. சில நிமிடத்தில் எடுத்துத் துடைத்தேன், பளிச்சென்று இருந்தது. கல் பதித்த நகைக்கு இதைச் செய்யாதீர்கள், என்னுடையது வெறும் வளையம்.

மூன்றாவது வாரம் மறுபடி ஒரு பயம். மோவாயில் புதிதாகச் சின்னச் சின்ன வெண்புள்ளிகள். கந்தகமே துவாரத்தை அடைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். தேடிப் பார்த்தபோது அந்தப் பேச்சின் வேர் கிடைத்தது. 1972 இல் மில்ஸ், கிளிக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கந்தகம் பருவுக்கு நல்லதா கெட்டதா என்றே கேள்வி எழுப்பி, அது துவாரங்களை அடைக்கக்கூடும் என்று எழுதினார்கள். 1978 இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுபடி சோதித்து, அப்படி அடைப்பதாகத் தெரியவில்லை என்று வெளியிட்டார்கள். டாக்டரிடமும் கேட்டேன். ஒரு பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்னாலேயே துவாரத்துக்குள் அடைப்பு ஆரம்பித்துவிடுகிறது, இன்று முளைப்பது மருந்துக்கு முன்னால் விதைத்தது என்றார். எட்டு வாரம் ஆகாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்றும் சொன்னார். காத்திருந்தேன். இந்தக் காத்திருப்புதான் உண்மையிலேயே கஷ்டம். எரிச்சலைவிட, வாடையைவிட.

தினமும் கண்ணாடியில் எண்ணினால் பைத்தியம் பிடிக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எண்ணி நோட்டில் எழுதினேன். ஆரம்பத்தில் 17. மூன்றாவது வாரம் 19. ஆறாவது வாரம் 11. பன்னிரண்டாவது வாரம் 4, அதுவும் சீழ் இல்லாத சின்னப் பருக்கள்.

கந்தகத்தால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். தாடை எலும்பின் மேல் ஆழத்தில் கட்டி போல ஒன்று வலித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் எத்தனை நாள் பூசியும் மேல்தோல்தான் உரிந்தது, கட்டி அசையவில்லை. டாக்டர் அதற்குள் நேராக ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாளில் அமுங்கியது. அந்த மாதிரி ஆழமான கட்டிகள் நிறைய இருப்பவர்கள் கந்தகத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், தழும்பாகிவிடும். பரு போன இடத்துப் பழுப்புத் தடங்களுக்கும் கந்தகத்துக்கும் சம்பந்தமில்லை. அவை சன்ஸ்கிரீனை விடாமல் போட்டு மாதங்கள் போனபிறகுதான் மங்கின. பள்ளமான தழும்பு இரண்டு அப்படியேதான் இருக்கின்றன.

இப்போது வாரத்துக்கு மூன்று ராத்திரி. மோதிரத்தைக் கழற்றி வாஷ்பேசின் மேல் தட்டில் வைப்பேன், பாட்டிலைக் குலுக்குவேன், அலாரத்தை அழுத்துவேன். பூசின கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் மோதிரம் விரலுக்குத் திரும்பும்.