தும்பிப் பெண்ணும் பால்நிறக் கண்ணாடியும்

பிரெஞ்சு நகை வடிவமைப்பாளர் ரெனே லாலிக் (1860–1945), கல்லின் விலையைவிட வடிவத்தின் அழகே பெரிது என்று கருதியதால், மாட்டுக்கொம்பு, எனாமல், கண்ணாடி போன்ற எளிய பொருள்களையும் தங்கத்துடன் இணைத்து, 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெரும்புகழ் பெற்றார். லிஸ்பனின் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய தும்பிப் பெண் மார்பணியைப் படத்தில் பார்க்கும்போதே எனக்குச் சற்று அச்சம் தோன்றும். பூச்சியின் வாயிலிருந்து அப்பெண் வெளிவருகிறாளா, அல்லது விழுங்கப்படுகிறாளா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பின்னர் கோட்டி நிறுவனத்துக்கு வாசனைத் திரவியப் புட்டிகளை வடிவமைத்த அவர், படிப்படியாகக் கண்ணாடித் தொழிலுக்கே மாறினார். மேலே விழும் ஒளியில் நீலமாகவும், ஊடுருவும் ஒளியில் பொன்னிறமாகவும் தோன்றும் அவருடைய பால்நிறக் கண்ணாடியை, அது அச்சில் வார்க்கப்பட்டதே என்றாலும், வைரத்துக்கு மேலாகவே நான் வைப்பேன். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் அவர் 1921இல் நிறுவிய ஆலை இன்றும் இயங்குகிறது.