திருநெல்வேலியிலிருந்து துபாய்: எந்த ஏர்போர்ட்டில் ஏறினால் மிச்சம்?

திருநெல்வேலியிலிருந்து துபாய் போகிறவர்களுக்கு ஒரே ஏர்போர்ட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய அவசியமே இல்லை. திருவனந்தபுரமும் மதுரையும் சுமார் 150 கிலோமீட்டர்தான். கொச்சி, திருச்சி, சென்னை மூன்றும் ஒரு ராத்திரிப் பயணத்துக்குள் வந்துவிடும். இறங்குகிற பக்கமும் அப்படித்தான், ஷார்ஜா துபாயை ஒட்டியே இருக்கிறது. இத்தனை வழி இருந்தும் பழகின ஏர்போர்ட்டை மட்டும் போட்டுத் தேடி, வந்த விலைக்கு வாங்கிவிடுகிறோம்.

கூகுள் ஃப்ளைட்ஸில் புறப்படும் ஊருக்கான கட்டத்தைத் தொட்டால் ஒரு கூட்டல் குறி தெரியும். அதைத் தொட்டு ஐந்து ஏர்போர்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேரும் இடத்திலும் துபாய், ஷார்ஜா இரண்டையும் போடுங்கள். முதலில் ஒருவழி டிக்கெட்டாகத் தேடுவது நல்லது. போகிற நாளைத் தனியாகவும் திரும்புகிற நாளைத் தனியாகவும் பார்க்க வேண்டும். பட்ஜெட் விமானங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலைதான். எமிரேட்ஸ் போன்றவற்றில் ரிட்டர்னாக எடுத்தால் குறையலாம் என்பதால், 'மல்டி சிட்டி'யில் போகும்போது கொச்சியில் ஏறி, திரும்பும்போது திருவனந்தபுரத்தில் இறங்குவதாகவும் போட்டுப் பாருங்கள். கிடைத்த விலையை அந்த விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். லக்கேஜ் சேர்ந்த விலையா, கேபின் பை மட்டுமா என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும். பெட்டிக்கு முன்கூட்டியே ஆன்லைனில் கட்டுவதும் கவுன்டரில் போய்க் கட்டுவதும் ஒரே தொகை இல்லை.

வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். ஆகஸ்ட் கடைசியில் குடும்பங்கள் திரும்பிப் போகும்போது கேரள ஏர்போர்ட்டுகளில் விலை ஏறி நிற்கும். அந்த வாரங்களில் திருவனந்தபுரம் பக்கம் என்று அதையே பிடித்துக்கொள்ளாமல் திருச்சியையும் சென்னையையும் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது வீட்டு வாசலிலிருந்து போடும் கணக்கு. கொச்சியில் டிக்கெட் தலைக்கு 2,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். தனி ஆளுக்கு ரயில், டாக்ஸி, சாப்பாடு, போன அரை நாள் எல்லாம் கழித்தால் பெரிதாக மிஞ்சாது. நாலு பேர் என்றால் மிச்சம் 8,000 ரூபாய், டாக்ஸி வாடகையோ அதே ஒரு வாடகைதான். கூட்டம் பெரிதாக இருந்தால்தான் தூரத்து ஏர்போர்ட் கட்டுபடியாகும்.

கொச்சிக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் சௌகரியம். ராத்திரி திருநெல்வேலியில் ஏறினால் காலையில் ஆலுவா, அங்கிருந்து கொச்சி ஏர்போர்ட் இருக்கும் நெடும்பாசேரி பக்கம்தான். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் தாங்கும்படி, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். திரும்பும்போது கதை வேறு. விடியற்காலையில் கொச்சியில் இறங்கினால் அதே ரயிலுக்கு மாலை வரை காத்துக்கிடக்க வேண்டும். அதனால் போவது கொச்சி, திரும்புவது திருவனந்தபுரம் என்பது பல நேரம் சரியாக வரும். ஒன்றை மறக்காதீர்கள்: ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். மூன்று மாதம் முன்னால் விமான டிக்கெட் எடுத்தவர்கள் அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட், சென்னையிலிருந்து துபாய்க்கு வேறு டிக்கெட் என்று பிரித்து எடுப்பது மலிவாகத் தெரியும். ஆனால் உள்நாட்டு விமானத்தில் லக்கேஜுக்கு வழக்கமான அளவு 15 கிலோ. துபாய் டிக்கெட்டில் 30 கிலோ இருந்தாலும் தூத்துக்குடி கவுன்டரில் அது செல்லாது, மீதிக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பேற்க ஆளில்லை. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் அப்படி எடுத்துவிட்டு, ரயிலில் சென்னை போய் அங்கே ஏறிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதல் கட்டத்தில் ஏறாவிட்டால் மிச்ச டிக்கெட் முழுவதும் ரத்தாகிவிடும், திரும்பும் பயணமும் சேர்த்து.

திருவனந்தபுரம் என்று முடிவானால் இரண்டு விஷயம். பத்மநாப சுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம், அதாவது சுவாமியைப் புனித நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும் ஆராட்டு நாளன்று மாலை சில மணி நேரம் ஓடுபாதையை மூடி, விமானங்களின் நேரத்தை மாற்றுவார்கள். அந்த நாளில் பயணம் என்றால் புது நேரத்தைப் பார்த்துவிட்டு ரயிலை முடிவு செய்யுங்கள். இன்னொன்று, உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், வெளிநாட்டு முனையம் சாக்கா பக்கம். நடுவில் ஓடுபாதை கிடக்கிறது, தவறான பக்கம் இறங்கினால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் ஆட்டோ ஏறும்போதே 'சாக்கா, இன்டர்நேஷனல்' என்று சொல்லிவிடுங்கள்.